கோட்டில் நின்ற கடைசி ஆள்

லென் கிரிம்ஷா என்று சொன்னால் ஹார்க்ளிஃபைத் தாண்டி யாருக்கும் தெரியாது. ஹார்க்ளிஃப் என்று சொன்னாலே பாதிப் பேர் முழிப்பார்கள். ஆனால் ஊருக்குள் வந்து, மீன் வறுவல் கடையிலோ பஸ் நிறுத்தத்திலோ கேட்டுப் பாருங்கள். "லென்னா? நம்ம கேப்டனாச்சே! பாறாங்கல்லு மாதிரி நிப்பான்" என்பார்கள். பாறாங்கல் என்பது பாராட்டுத்தான். எங்கள் ஊரில் பாராட்டுக்கு அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

பதினைந்து வயதில் பெரிய கால்பந்து கிளப் ஒன்று அவனை எடுத்துக்கொண்டது. பெரிய ஆட்டக்காரர்களின் பூட்ஸைத் துடைத்தான். அவர்கள் குளித்த அறையைக் கழுவினான். மழையில் அவர்களுக்குப் பந்து பொறுக்கிப் போட்டான். பதினெட்டு முடிந்ததும், "உயரம் இருக்கு, வேகம் இல்ல தம்பி" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டார்கள். அப்பா வேலை பார்த்த மில்லில் கொஞ்ச நாள் மூட்டை தூக்கினான். அப்புறம் நான்காம் டிவிஷனில் கிடந்த எங்கள் கிளப் கூப்பிட்டது. நான்காம் டிவிஷன் என்றால் அதற்குக் கீழே டிவிஷன் இல்லை. தொழில்முறை ஆட்டத்தின் அடித்தட்டு அது. அங்கே வந்தவன் அங்கேயே இருந்துவிட்டான். பதினாறு வருஷம்.

வேலை என்ன? பந்து வந்தால் தலையால் முட்ட வேண்டும். தலைக்கு எட்டாவிட்டால் உதைக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் எதிராளியின் குறுக்கே விழ வேண்டும். கோல் போடுகிறவனைத் தோளில் தூக்குவார்கள், கோலைத் தடுக்கிறவனை யார் தூக்குவார்கள்? மூக்கு மூன்று முறை உடைந்தது. மூன்றாவது முறை நேராக வைக்கலாமா என்று டாக்டர் கேட்டதற்கு, "விடுங்க, மறுபடியும் உடையும்" என்றான். இவ்வளவுதான் அவனுடைய தொழில் ஞானம்.

முப்பத்துநான்கு வயதில் அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இன்னும் ஒரு வருஷம். ஒவ்வொரு மே மாதமும் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக மேனேஜர் அறைக்குள் கூப்பிட்டு, நீ இரு, நீ போ என்று சொல்வார்கள். போகச் சொன்னால் வேலை மட்டும் போகாது, வீடும் போகும். அவன் இருந்தது கிளப் வீடு. மைதானத்திலிருந்து ஒரு மைல் தள்ளி, வரிசை வீடுகளில் கோடி வீடு. மனைவி ஜேனிஸ் ரொட்டிக் கடையில் வேலை பார்த்தாள். மகள் லின்ஸி தெருமுனைப் பள்ளியில் படித்தாள். இன்னும் ஒரு வருஷம் கிடைத்தால் அதற்கடுத்த வருஷம் என்ன செய்வது? அதைப் பற்றி அவன் யோசித்ததே இல்லை. பந்து எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் திரும்பிப் பழகிய ஆள்.

ஆனால் இடது முட்டி ஒத்துழைக்கவில்லை. ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் வீங்கிவிடும். குளிர்பெட்டியில் உறைந்த பட்டாணிப் பொட்டலம் ஒன்று இருந்தது. அதைச் சமையலுக்குத் தொடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சோபாவில் காலை நீட்டி, முட்டி மேல் பட்டாணியை வைத்துக்கொண்டு அவன் டிவி பார்ப்பான்.

"டாக்டர்கிட்ட சொன்னியா?" என்பாள் ஜேனிஸ்.

"என்னத்தச் சொல்ல?"

"முட்டி பன்னு மாதிரி இருக்கு. அதச் சொல்லு."

"சொன்னா பெருசு காதுக்குப் போயிரும். அப்புறம் மே மாசம் வீட்டுச் சாவியக் குடுன்னுவான்."

"நடக்க முடியாம மூலைல கெடந்தா யாரு பாக்கறது? நான்தான் பாக்கணும்."

"சரி, பட்டாணியத் திருப்பிப் போடு. இந்தப் பக்கம் உருகிருச்சு."

பெருசு என்பது மேனேஜர் நார்மன் ப்ரிக்ஸ். நேரில் பாஸ், முதுகுக்குப் பின்னால் பெருசு. கிளப்பின் வைத்தியர் என்று ஒருவர் இருந்தார், வில்ஃப். காலையில் வீடு வீடாகப் பால் போடுவார், மதியம் மைதானத்துக்கு வந்து வைத்தியம் பார்ப்பார். ஒரு வாளி, ஒரு ஸ்பாஞ்ச், பச்சைத் தண்ணீர். எலும்பு உடைந்தாலும் அதே ஸ்பாஞ்ச்தான். "லேசாச் சுளுக்கு, ஒரு ஊசி போட்டா ஓடிருவேன்" என்று லென் அவரிடம் சொல்லி வைத்திருந்தான். அவரும் நல்ல மனிதர், நம்பினார். சனிக்கிழமை மதியம் உள்ளூர் டாக்டர் ஒருவர் வந்து, துணிமணி வைக்கும் அறையில் அவன் முட்டியில் ஊசி போட்டுவிட்டுப் போவார். கால்மணி நேரத்தில் முட்டி மரத்துப்போகும்.

முதலில் முட்டிதான் மரத்தது. அந்தக் குளிர்காலத்தில் மற்றவையும் மரத்துப்போனதை லென் கவனித்தான். ஜெயித்தால் சந்தோஷம் இல்லை. தோற்றால் வருத்தம் இல்லை. கூட்டம் அவன் பெயரைச் சொல்லிப் பாடும்போது, பக்கத்து வீட்டில் ரேடியோ பாடுவது போலக் கேட்டது. லின்ஸி பிறந்தநாளுக்கு மெழுகுவத்தி ஊதியபோது எல்லோரும் கைதட்டினார்கள் என்று தானும் தட்டினான். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போலத் தன்னையே தொட்டுப் பார்த்துக்கொண்டான். பரவாயில்லை, முட்டி வலிக்கவில்லை, அது போதும் என்று விட்டுவிட்டான்.

அவனுக்கு வலது பக்கத்தில் நின்று ஆடியவன் நெவில் சக்டன். ஐந்து வயது இளையவன், வாயாடி. பயிற்சி மைதானம் ஊருக்கு வெளியே, மேட்டுக்கு அந்தப்பக்கம். லென்னிடம் கார் இல்லாததால் நெவிலின் பழைய ஃபோர்டு கார்தான் இருவருக்கும். காலையில் கோடி வீட்டு வாசலில் ஹாரன் அடிக்கும்.

"ஏறு கிழவா. மொதல்ல கால உள்ள வை, அப்புறம் ஒடம்ப எடுத்து வை."

"வாய மூடிட்டு ஓட்டுடா."

"மூடினா தூங்கிருவேன். உன் மூஞ்சியப் பாத்துகிட்டே வர்றதுக்கு ஒரு தூக்க மாத்திரையே போட்டுக்கலாம்."

"ரோட்டப் பாரு. ஆடு வருது."

"ஆடு ஒதுங்கிரும். நம்ம ஊர் ஆட்டுக்கு உன்னவிட வேகம் ஜாஸ்தி."

இப்படியே ஏழு வருஷம். லின்ஸிக்கு அவன் நெவில் மாமா. மாமா சட்டைப்பையில் எப்போதும் மிட்டாய் இருக்கும். லென்னின் முட்டியைப் பற்றி நெவில் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் அந்த வருஷம் முழுக்க, லென்னின் பக்கம் விழுந்த பந்துகளுக்கெல்லாம் குறுக்கே ஓடியவன் அவன்தான். ஓடிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் தன் இடத்துக்குத் திரும்பிப் போவான்.

இப்போது அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின்னால் நிற்கிற நாலு பேரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். எதிரி பந்தை முன்னால் அடிக்கப் போகிறான் என்று தெரிந்ததும், நாலு பேரும் ஒரே நேரத்தில் முன்னால் பாய வேண்டும். பாய்ந்தால், கோலுக்குப் பக்கத்தில் காத்திருக்கும் எதிராளி தனியாக மாட்டிக்கொள்வான். ஆஃப்சைடு. கோட்டோரம் நிற்கும் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்குவார், கதை முடிந்தது. ஆனால் நாலு பேரில் ஒருவன் பின்தங்கினாலும் எல்லாம் பாழ், எதிராளிக்கு வழி திறந்துவிடும். எப்போது பாய்வது என்று கத்துகிற வேலை லென்னுடையது. "மேல!" என்பான். நாலு பேரும், ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் போல, பாய்வார்கள். பாய்ந்ததும் கையைத் தூக்கி லைன்ஸ்மேனைப் பார்ப்பார்கள். ஆண்டாண்டாகச் செய்து செய்து, கேட்டதும் காலும் கையும் தானாகப் போகும். வேகம் இல்லாதவனை அத்தனை வருஷம் காப்பாற்றியது அந்த ஒற்றைச் சொல்தான்.

அந்த வருஷம் புதுச் சட்டம் வந்தது. அதுவரை புள்ளிப் பட்டியலில் கடைசியில் வரும் கிளப்புகளை டிவிஷனில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று மற்ற கிளப்புகள் ஓட்டுப் போடும். இன்றைக்கு நீ, நாளைக்கு நான் என்ற பயத்தில் பெரும்பாலும் எல்லோரும் எல்லோரையும் காப்பாற்றிவிடுவார்கள். இனி ஓட்டு இல்லை. கடைசியில் வருகிறவன் வெளியே போக வேண்டும். கடைசிச் சனிக்கிழமை எங்களுக்கு ஒரு டிரா போதும். சொந்த மைதானம், நல்ல வெயில், கல்யாணத்துக்கும் சாவுக்கும்கூட வராதவர்கள் எல்லாம் வந்து நின்றார்கள்.

"ரெண்டு ஊசியாப் போடுங்க டாக்டர்," என்றான் லென்.

"ரெண்டு போட்டா கால் இருக்குறதே தெரியாது."

"தெரிய வேணாம்."

டாக்டர் வில்ஃபைப் பார்த்தார். வில்ஃப் வாளியைப் பார்த்தார். போட்டுவிட்டார்கள்.

ஆட்டம் எப்படி இருந்தது என்று கேட்டால், மோசமாக இருந்தது. பயந்தவர்கள் ஆடும் ஆட்டம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. லென் முட்டினான், உதைத்தான், விழுந்தான். இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போதும் என்று கூட்டம் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தது. அப்போது நடுவில் எதிரி ஒருவன் பந்தை நிறுத்தி, தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"மேல!" என்று கத்தினான் லென்.

மூன்று பேர் பாய்ந்தார்கள். லென்னும் பாய்ந்தான். அதாவது, பாய்ந்ததாகத்தான் அவன் நினைத்தான். இடது காலை ஊன்றி உந்தினான், உடம்பு முன்னால் சாய்ந்தது, ஆனால் கால் தரையிலிருந்து கிளம்பவில்லை. மரத்த கால் அவனுக்குச் சொல்லவில்லை. கையைத் தூக்கப் போனவன், மற்ற மூன்று பேரின் முதுகையும் பார்த்தான். அப்போதுதான் புரிந்தது. ஒரே வரிசையில் இருந்தால் முதுகு தெரியக் கூடாது. அதற்குள் எதிராளி அவனைத் தாண்டிப் போய்விட்டான்.

நெவில் கையை உயரத் தூக்கி, கொடிக்காக லைன்ஸ்மேனைப் பார்த்தபடி அசையாமல் நின்றான். கூப்பிட்டது கேப்டன், அவன் போனான், கையைத் தூக்கினான். கொடி எழவில்லை. பந்து வலைக்குள் போனது. எதிரியோடு பஸ்ஸில் வந்த கொஞ்சப் பேர் மட்டும் மூலையில் குதித்தார்கள்.

கையை இறக்காமலே நெவில் திரும்பி, லென் நின்ற இடத்தைப் பார்த்தான். ஒரு வினாடிதான் இருக்கும். பிறகு கையை இறக்கிவிட்டுக் குனிந்து, காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டான். மற்ற இரண்டு பேர் முன்னால் பார்த்து ஓடியவர்கள், லென் பின்தங்கியதைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் கண்ணெல்லாம் பந்தின் மேல். கோல்கீப்பர் பந்தைப் பார்த்தான், அது அவன் பிழைப்பு. லைன்ஸ்மேனுக்குத் தெரியும், அவரை யார் கேட்கப் போகிறார்கள்? டிவி கேமரா எங்கள் ஊர்ப் பக்கம் வருவதே இல்லை.

ஆட்டம் முடிந்தது. கிளப் வெளியே போனது. குளியல் தொட்டியில் பதினோரு பேரும் ஒரே அழுக்குத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் அழுதார்கள். லென் தன் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தான். நெவில் சோப்பை எடுத்து அவனிடம் நீட்டினான். லென் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் ஒரு படம். கையைத் தூக்கிக்கொண்டு நெவில், அவனைத் தாண்டி ஓடும் எதிராளி. படத்தின் இடது ஓரத்தைப் பத்திரிகைக்காரன் கத்தரித்துவிட்டான். அங்கேதான் லென் நின்றான். மேலே பெரிய எழுத்தில் தலைப்பு: "டீச்சர், நான் போகலாமா?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் ஊர் பாவத்தைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. பழி போட ஒரு முகம் வேண்டும், படத்திலேயே கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வெளியே இரண்டு பெரியவர்கள் நெவிலைப் பார்த்துக் கையைத் தூக்கினார்கள். மீன் வறுவல் கடையில் வரிசையில் நின்றவர்கள் மொத்தமாகத் தூக்கினார்கள். அவன் காரை நிறுத்தினால் பஸ்ஸுக்குள்ளிருந்து தூக்கினார்கள். பப்பில் அவன் பீர் கேட்டபோது கல்லாவில் நின்றவன், "கையத் தூக்கிக் கேளு, அப்பத்தான் குடுப்பேன்" என்றான். நெவில் தூக்கிக் காட்டி வாங்கிக் குடித்தானாம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த ஊர் இது. நல்ல ஊர்தான், பனியில் கார் மாட்டினால் எட்டுப் பேர் வந்து தள்ளுவார்கள். ஆனால் ஒருவன் விழுந்து கிடந்தால் அதே எட்டுப் பேரும் மிதிப்பார்கள்.

திங்கட்கிழமை பெருசின் அறை. வெளியே பெஞ்சில் ஆட்டக்காரர்கள். முதலில் லென்னைக் கூப்பிட்டார்கள்.

"உக்காரு லென்."

"நிக்கிறேன் பாஸ்." மடக்கினால் எழுந்திருக்க முடியாது.

"ரெண்டு நாளாத் தூக்கமில்ல எனக்கு. என்னைய வச்சிருக்காங்க, ஏன்னு அவங்களுக்கே தெரியல. ஒரு வருஷத்துல திரும்ப மேல வரணும்ங்கறாங்க. எனக்கு ஒரு நல்ல ஆள் வேணும், பசங்க மதிக்கிற ஆள். அதுக்கு முன்னாடி ஒண்ணு நேராக் கேக்குறேன். அந்தக் கோலு. நீ பக்கத்துல நின்ன. நெவில்தானே கோட்ட விட்டான்?"

ஜன்னலுக்கு வெளியே மைதானக்காரர் கோல் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான்தான் பின்னால் நின்றேன், பாஸ். இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் முட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முட்டியைப் பற்றிச் சொன்னால் கோடி வீட்டுச் சாவியை இந்த மேஜை மேல் வைக்க வேண்டும். பயமாக இருக்கும் என்று எதிர்பார்த்தான். பயமும் இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லை, வாய் மட்டும் திறந்தது.

"விசில் ஊதுற வரைக்கும் ஆடணும் பாஸ்."

பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். யார் வாயிலிருந்து வந்தாலும் அது உண்மைதான். அவன் வாயிலிருந்து வந்தபோது பொய்.

"அதேதான்!" மேஜையைத் தட்டினார் பெருசு. "அதத்தான் நானும் சொல்றேன். கையத் தூக்கிகிட்டு நிக்கறான், செல மாதிரி! அவன இனிமே இந்த ஊர்ல எறக்க முடியாது லென். கூட்டம் தின்னுரும். நீ இரு. ஒரு வருஷம். வீடும் அப்படியே இருக்கட்டும். முட்டி எப்படி?"

"பரவால்ல."

"நெவில வரச் சொல்லு."

பெஞ்சில் நெவில் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். "எப்படியிருக்கு பெருசு? கடிக்குதா?" என்றான். "போ" என்று மட்டும் சொன்னான் லென்.

திரும்பி வரும்போதும் அதே கார். நடந்து போகிறேன் என்று லென் சொல்லியிருக்கலாம். நடக்க முடியாது என்பது ஒரு பக்கம், வேறு எப்படிப் போவது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. மைதானத்து வாசலில் இரண்டு பையன்கள் கையைத் தூக்கினார்கள். நெவில் ஹாரன் அடித்துப் பதில் சொன்னான்.

"என்னைய அனுப்பிட்டாங்க," என்றான்.

"ம்."

"விசில் ஊதுற வரைக்கும் ஆடணுமாம். பெருசு புதுசாக் கண்டுபிடிச்சிருக்கு. யாரு சொல்லிக் குடுத்தாங்களோ."

லென் முன்கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தான்.

"உனக்கு?"

"ஒரு வருஷம்."

"வீடும்?"

"வீடும்."

"நல்லது. பாப்பாவுக்கு ஸ்கூல் மாத்த வேணாம்." அதில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் லென்னுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நெவில்..."

"என்ன?"

"சிக்னல் விழுந்துருச்சு."

"பாத்துட்டேன்." கார் நின்றது. பச்சை விழுந்ததும் நெவில் கியரைப் போட்டான். கோடி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைக்காமல் நெவில் கேட்டான். "முட்டி எப்படியிருக்கு?"

ஏழு வருஷத்தில் முதல் தடவை.

"பரவால்ல."

"ஆஸ்பத்திரில காட்டு லென். இனிமே உனக்குச் சேத்து ஓடறதுக்கு ஆள் இல்ல."

கார் போய்விட்டது. லென் வாசலில் நின்றான். வெட்கம் வரும் என்று நினைத்து நின்றான். மழைதான் வந்தது. உள்ளே போய், வீடு இருக்கிறது என்று ஜேனிஸிடம் சொன்னான். அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். லின்ஸி சோபாவில் ஏறிக் குதித்தாள். அவன் பட்டாணிப் பொட்டலத்தைத் தேடினான்.

அதற்குப் பிறகு நடந்தது பெரிய கதை இல்லை. வாங்கிய ஒரு வருஷத்தை அவனால் முழுசாக ஆட முடியவில்லை. பிப்ரவரியில், யாருமே பக்கத்தில் இல்லாதபோது, உடம்பைத் திருப்பப் போய் முட்டி மடங்கியது. அந்த மே மாதம் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஜேனிஸின் அக்கா வீட்டு மாடியில் கொஞ்ச காலம் இருந்தார்கள். அப்புறம் பள்ளிக்கூடத்தில் காவல்காரன் வேலை கிடைத்தது. இப்போதும் படியேறும்போது இடது காலை இழுத்துத்தான் வைப்பான். இப்போதும் ஊரில் அவன் கேப்டன்தான். யாரும் அவனைப் பார்த்துக் கையைத் தூக்கியதில்லை.

அந்த ஒரு வருஷத்தில் சொல்ல வேண்டிய நாள் ஒன்றுதான். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. நாங்கள் கீழே இறங்கிவிட்ட லீகில் ஸ்டோன்பெக் என்றொரு கிளப். வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை ஆடுகிறவர்கள். நெவில் மரக் கடையில் சுமை ஏற்றுகிறான் என்றும் அவர்களுக்கு ஆடுகிறான் என்றும் கேள்விப்பட்டிருந்தோம். அன்று அவர்களுடைய பஸ்ஸில் வந்து இறங்கினான்.

பந்து அவன் காலுக்குப் போகும்போதெல்லாம் மைதானம் மொத்தமும் கையைத் தூக்கியது. குழந்தைகள் அட்டையில் கை வெட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். அவன் பந்தை நிதானமாக நிறுத்தி, சரியான ஆளுக்குக் கொடுத்துவிட்டு நகர்ந்தான். ஒரு தடவைகூடத் தப்பாகக் கொடுக்கவில்லை. லென் மறுமுனையில் தன் அணியின் கோட்டில் நின்று பார்த்தான். ஊசி போட்டிருந்தது. நாலு தரம் "மேல" என்று கத்த வேண்டிய இடத்தில் அவன் கத்தவில்லை. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது.

ஆட்டம் முடிந்ததும் இரு பக்கத்து ஆட்களும் ஒரே அறையில் டீயும் இறைச்சி வைத்த ரொட்டியும் சாப்பிடுவது வழக்கம். மனைவி மக்களும் வருவார்கள். லென் டீக் கோப்பையோடு நெவிலிடம் போய் நின்றான்.

"மரக் கடை எப்படி?"

"மரம் பேசாது. எனக்கு அது பழக்கந்தான், ஏழு வருஷம் உன்னோட கார்ல வந்தவனாச்சே."

அப்போது லின்ஸி, கையில் சிப்ஸ் பாக்கெட்டோடு கூட்டத்துக்குள் நுழைந்து ஓடி வந்தாள். நெவிலைப் பார்த்ததும் நின்றாள். மாமாவைப் பார்த்து ஐந்து மாதம் ஆகிவிட்டதல்லவா, முகமெல்லாம் சிரிப்பு. வலது கையை நேராக உயர்த்தி, "ஆஃப்சைடு!" என்று கத்தினாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நெவிலும் சிரித்தான்.

"யாரு பாப்பா சொல்லிக் குடுத்தா?"

"ஸ்கூல்ல எல்லாரும் பண்றாங்க மாமா. டீச்சர்கூட ஒரு தடவ பண்ணாங்க."

"கையக் கீழ போடு," என்றான் லென்.

"ஏன்ப்பா?"

"போடுன்னா போடு."

"விடு லென், கொழந்த," என்றான் நெவில்.

லென் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தான். ஊசியின் மரப்பு இன்னும் இறங்கவில்லை, அதனால்தான் அவனால் மண்டியிட முடிந்தது. மகளின் தூக்கிய கையைப் பிடித்து இறக்கினான். குரலைத் தாழ்த்த வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

"இங்க பாரு லின்ஸி. அன்னிக்குத் தப்பு பண்ணது நெவில் மாமா இல்ல. அப்பாதான். எல்லாரும் முன்னாடி போனாங்க, நான் மட்டும் பின்னாடியே நின்னுட்டேன். கோல் போனது என்னாலதான்."

பெருசு திரும்பிப் பார்த்தார். வில்ஃப் வாய் நிறைய ரொட்டியோடு அப்படியே நின்றார்.

லின்ஸி அப்பாவின் முகத்தையே பார்த்து யோசித்தாள். கணக்குப் போடும் பிள்ளை அவள். பிறகு தலையை ஆட்டினாள்.

"போப்பா, பொய். தப்பு பண்ணவங்களத்தானே அனுப்புவாங்க? நீ பண்ணியிருந்தா நம்மளத்தானே வீட்ட விட்டு அனுப்பியிருப்பாங்க?"

லென் நெவிலை நிமிர்ந்து பார்த்தான். நெவில் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. குனிந்து, லின்ஸியின் பாக்கெட்டிலிருந்து ஒரு சிப்ஸ் எடுத்துக்கொண்டான்.

"பாப்பா சொல்றதுதான் கரெக்ட்டு," என்றான். வெளியே ஸ்டோன்பெக் பஸ் ஹாரன் அடித்தது. அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான்.

லென் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. வில்ஃப் ரொட்டியை விழுங்கிவிட்டுக் கிட்டே வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களாய்யா?" என்றார் சுற்றி நின்றவர்களிடம். "கூட ஆடினவன் மானம் போகக் கூடாதுன்னு பழிய எடுத்துத் தன் தலைல போட்டுக்கறான். கேப்டன்னா இவன்தான்யா கேப்டன்!"

யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். பெருசும் தட்டினார். அறை முழுவதும் தட்டியது. வில்ஃப் குனிந்து, லென்னின் அக்குளில் கைகொடுத்து, அவனைத் தூக்கி நிறுத்தினார்.